குறி எங்கே? துரைமாரின் பில்லியட் மேசையிலிருந்து லயத்துக் கரம் பலகை வரை

பதிவு கொஞ்சம் நீளம். தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கரம் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வலயமட்டக் கரம் போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இப்போது கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துத்தான் குறி பழகுகிறார்கள். அதில் முக்கால்வாசி பூல் விளையாட்டுக்காக எடுத்த காணொளி. "பந்தின் பாதியைப் பார்த்து அடி, முப்பது பாகை திரும்பும்" என்று அதில் சொல்கிறார்கள். பிள்ளை அப்படியே ஸ்ட்ரைக்கரை அடிக்கிறது. காய் குழிக்குப் பக்கத்தில் போய் முட்டி நிற்கிறது. "சேர், சொன்ன மாதிரித்தான் அடித்தேன், ஏன் விழவில்லை?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. காணொளி பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பிழையாக அடிக்கவில்லை. அந்த முறை பிறந்த மேசை வேறு, நாம் விளையாடும் பலகை வேறு. ஏன் அப்படி என்று விளங்க வேண்டுமானால், அந்த மேசை நம்முடைய மலைக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

*1. உள்ளே மேசை, வெளியே நாம்*

கோப்பிக் காலத்திலும் அதன் பிறகு தேயிலைக் காலத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மலைநாட்டில் தங்களுக்கென்று கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. இன்று பண்டாரவளை நகரின் நடுவில் இருக்கும் பழைய ஹோட்டல் 1893இல் துரைமாரின் கிளப்பாக எழுந்த கட்டடம். நாள் முழுக்கத் தோட்டத்தில் சுற்றிவிட்டு மாலையில் வந்து குடிக்க, பேச, விளையாட ஓர் இடம். அந்த வகைக் கிளப் ஒன்றில் பில்லியட் அறை இல்லாவிட்டால் அது கிளப்பே இல்லை.

முழு அளவு மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகை. 1820களில் இலண்டனில் தேஸ்டன் என்ற தளபாடக்காரர் மரப்பலகையை விட்டு ஸ்லேட் கல்லைப் போடத் தொடங்கினார். அதன் பிறகு மேசையின் பாரம் ஒரு தொன்னைத் தாண்டியது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அதற்கு முன் இந்த மலைக்கு வந்த எந்தப் பாரமான பொருளும் கடைசித் தூரத்தை மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் கடந்திருக்கிறது.

சுமந்தவர்கள் உள்ளே போய் விளையாட முடியாது. ஹில் கிளப் போன்ற இடங்களில் உள்ளூர்க்காரருக்கு நீண்ட காலம் உறுப்புரிமையே கிடையாது. நம்மவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க ஒரே வழி, வேலைக்காரராகப் போவது. அப்படியான வேலைகளில் ஒன்றின் பெயர் 'மார்க்கர்'. புள்ளி எண்ணுவது, துணியைத் தூரிகையால் வாருவது, கோலுக்குச் சோக் எடுத்துக் கொடுப்பது, விழுந்த பந்தை எடுத்து வைப்பது எல்லாம் மார்க்கரின் வேலை. துரைக்கு ஜோடி கிடைக்காத நாளில் அவரோடு விளையாடிக் கொடுப்பதும் மார்க்கர்தான்.

இந்தியாவிலும் இலங்கையிலும் கிளப்புகளில் இந்த வேலை நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. ஒரு மார்க்கர் ஒரு நாளில் எத்தனை நூறு அடிகளைப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. பந்து எங்கே பட்டால் எங்கே போகும் என்பதை அவருடைய கண்தான் சேர்த்து வைத்தது. நம் ஆட்களுக்குக் குறி பார்க்கும் கல்வி கிடைத்த முதல் பள்ளிக்கூடம் அந்த அறையின் சுவரோரம்.

*2. பந்துக்கும் பதுளைக்கும் ஒரு பழைய கணக்கு*

அந்தக் காலத்துப் பந்து யானைத் தந்தம். இதைச் சொல்லும்போது பதுளைக்காரர் ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது.

நம் நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தைக் கடந்து போகாதவர் இருக்க மாட்டார்கள். அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்த யானைகளைப் பந்துக்காகச் சுடவில்லை. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது. வேட்டை ஆசைக்கும் பெயருக்கும் சுட்டார்கள். பந்துக்கான தந்தம் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து போனது. இரண்டு இடத்திலும் செத்தது யானை.

குறி பார்ப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தந்தம் உயிருள்ள பொருளிலிருந்து வந்தது. ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருக்கும். ஈரக்காற்றுக்கு வடிவம் மாறும். மூடுபனி நிறைந்த மலைநாட்டில் கேட்கவே வேண்டாம். நேராக அடித்த பந்தே கொஞ்சம் விலகிப் போகலாம் என்றால், கோணத்தைக் கணக்குப் போட்டு அடிக்கும் முறைக்கு என்ன பெறுமதி? அனுபவம் மட்டும்தான் உதவும்.

1860களில் அமெரிக்காவில் தந்தத்துக்குப் பதிலாகப் பந்து செய்பவருக்கு 10,000 டொலர் பரிசு என்று அறிவித்தார்கள். ஜோன் வெஸ்லி ஹயட் என்பவர் அந்த முயற்சியில் இறங்கித்தான் செலுலொயிட் என்ற பொருளை உருவாக்கினார். நாம் இன்று பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்கெல்லாம் அது மூத்த பிள்ளை. பிறகு வேறு செயற்கைப் பொருட்கள் வந்தன. எல்லாப் பந்தும் ஒரே எடை, ஒரே அளவு, ஒரே உருண்டை என்றான பிறகுதான் 'முறை' என்று ஒன்றை எழுதிக் கற்பிப்பதில் முழுப் பயன் கிடைத்தது. முறைகளுக்கு முன்னால் நல்ல பந்து வர வேண்டியிருந்தது.

*3. முதல் முறை: பாதி, கால், முக்கால்*

துரைமார் முதலில் விளையாடியது ஆங்கில பில்லியட். மேசையில் மூன்றே பந்து. பந்தைக் குழியில் போட்டாலும் புள்ளி, உங்கள் பந்து இன்னொன்றில் பட்டுத் தானே குழியில் விழுந்தாலும் புள்ளி, இரண்டு பந்தையும் தொட்டாலும் புள்ளி. அதனால் எதிர்ப் பந்து எங்கே போகும் என்பதைப் போலவே நம் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் முக்கியம்.

அங்கே அரைப் பந்து அடிதான் ராஜா. உங்கள் பந்தின் மையத்தை எதிர்ப் பந்தின் விளிம்புக்கு நேரே அனுப்பினால், எதிரேயிருந்து பார்ப்பவருக்கு ஒரு பந்து மற்றதைப் பாதி மறைப்பது போலத் தெரியும். எதிர்ப் பந்து 30 பாகை விலகி ஓடும். உருண்டு வரும் உங்கள் பந்து ஏறக்குறைய 34 பாகை திரும்பும். இதில் ஒரு நன்மை உண்டு. கொஞ்சம் தடித்துப் பட்டாலும் கொஞ்சம் மெலிந்து பட்டாலும் உங்கள் பந்து திரும்பும் கோணம் பெரிதாக மாறாது. பிழையை மன்னிக்கும் அடி. அதனால்தான் புதிதாகப் பழகுபவருக்கு அதை முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்படித்தான் பின்ன முறை வேரூன்றியது. முழுப் பந்து என்றால் 0 பாகை. முக்கால் என்றால் ஏறக்குறைய 14½ பாகை. அரை என்றால் 30. கால் என்றால் ஏறக்குறைய 48½. நாலு எண்ணை மனதில் வைத்தால் போதும். வேகமாகப் பழகலாம். குறை என்னவென்றால், மேசையில் கோணங்கள் நாலுதான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முக்காலுக்கும் அரைக்கும் நடுவே ஒரு கோணம் வந்தால் திரும்பவும் கண்தான் கைகொடுக்க வேண்டும்.

மேசையில் நடப்பதைக் கணிதமாக எழுத முடியும் என்று 1835இலேயே ஒருவர் புத்தகம் போட்டுக் காட்டிவிட்டார். பிரான்ஸ் நாட்டு கொரியோலிஸ். புயல் ஏன் சுழல்கிறது என்று படிக்கும்போது பிள்ளைகள் கேட்கும் அதே கொரியோலிஸ். ஆனால் அந்தக் கணிதம் மார்க்கரின் காதுக்கு வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

*4. ஊட்டியில் எழுதிய சட்டம்*

1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் இராணுவ அதிகாரி, மேசையில் நிறப் பந்துகளைச் சேர்த்து ஒரு புதிய விளையாட்டை ஆடிப் பார்த்தார். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் இவரல்ல, பெயர் மட்டும் ஒன்று. முதலாம் ஆண்டு இராணுவ மாணவரைக் கேலியாக அழைக்கும் 'ஸ்னூக்கர்' என்ற சொல் அந்த விளையாட்டுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதன் சட்டங்கள் 1882இல் நீலகிரியில், ஊட்டி கிளப்பின் பில்லியட் அறையில் எழுதித் தொங்கவிடப்பட்டன.

அந்த நீலகிரி நமக்கு அந்நியமான இடமல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிய எத்தனையோ குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. ஊவாவில் உறவைப் பிரிந்து அங்கே போனவர்கள் இன்றும் கடிதம், தொலைபேசி என்று தொடர்பில் இருக்கிறார்கள். இங்கேயும் மலை, அங்கேயும் மலை. இங்கேயும் கொழுந்து, அங்கேயும் கொழுந்து. இரண்டு இடத்திலும் கிளப் அறை மேலே, லயம் கீழே.

ஸ்னூக்கரும், அமெரிக்காவில் வளர்ந்த பூலும் குறி பார்க்கும் பாடத்தை மாற்றின. இங்கே பந்தைக் குழியில் போட்டால்தான் விளையாட்டு. நாலு பின்னம் போதவில்லை. எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் வழி தேவைப்பட்டது. அப்படிப் புழக்கத்துக்கு வந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது மாயப் பந்து முறை. காணொளிகளில் 'கோஸ்ட் போல்' என்பது இதுதான். குழியிலிருந்து எதிர்ப் பந்தின் மையத்தூடாக ஒரு கோடு இழுத்து, அதைப் பின்னால் நீட்டுங்கள். எதிர்ப் பந்தின் முதுகோடு ஒட்டி இன்னொரு பந்து அந்தக் கோட்டில் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உங்கள் பந்தை அந்த இடத்துக்கு அனுப்பினால் போதும். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீற்றர். அதனால் மாயப் பந்தின் மையமும் எதிர்ப் பந்தின் மையத்திலிருந்து 57 மில்லிமீற்றர் பின்னால்.

இரண்டாவது இரட்டிப்பு முறை. எதிர்ப் பந்தில் தொட வேண்டிய புள்ளி அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி உங்கள் பந்தின் மையத்தைக் குறி வையுங்கள். புதிதாக வருபவர்கள் தொடுபுள்ளியையே மையத்தால் குறி பார்த்து அடிப்பார்கள். பந்து எப்போதும் தடித்துப் படும். அந்த நோய்க்கு இது மருந்து.

மூன்றாவது சமாந்தரக் கோட்டு முறை. எதிர்ப் பந்து எந்தத் திசையில் போக வேண்டுமோ, அதே திசையில் உங்கள் பந்தின் மையத்திலிருந்தும் ஒரு கோடு இழுங்கள். அது உங்கள் பந்தின் விளிம்பை வெட்டும் இடம்தான் நீங்கள் தொடப் போகும் புள்ளி. அந்தப் புள்ளியையும் எதிர்ப் பந்தின் தொடுபுள்ளியையும் இணையுங்கள். அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக அடியுங்கள்.

மையம், விளிம்பு என்று பார்த்துக் கோலைச் சற்றுத் திருப்பி அடிக்கும் வேறு முறைகளும் அமெரிக்காவில் உண்டு. அவற்றைப் பற்றி அங்கே பெரிய வாக்குவாதமும் உண்டு. அதற்குள் நாம் போகத் தேவையில்லை.

*5. கொழும்பிலிருந்து ஓர் உலகச் சம்பியன்*

மேசை துரைமாருடையதாக இருந்தாலும் விளையாட்டு அவர்களோடு நின்றுவிடவில்லை. இந்தியாவின் வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியட் சம்பியனானார். 1967இல் அதே உலகப் போட்டி கொழும்பில் நடந்தது. 1973இல் பம்பாயில் நடந்த போட்டியில் நம் நாட்டின் எம். ஜே. எம். லாபிர் இந்தியாவின் சதீஷ் மோகனை வென்று பட்டத்தை எடுத்தார்.

1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தபோது இந்த நாடு தெருவில் இறங்கிக் கொண்டாடியது நமக்கு நினைவிருக்கிறது. அதற்கு 23 வருடத்துக்கு முன்பே, இலங்கை டெஸ்ட் நாடாகக்கூட ஆகாத காலத்தில், உலகப் பட்டத்தை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர் ஒரு கொழும்பு முஸ்லிம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

*6. மேசை இல்லாதவர்களின் பலகை*

லயத்துக்கு மேசை வரவில்லை. கரம் பலகை வந்தது. ஒரு தொன் பாரமில்லை, ஒரு பிள்ளை தலையில் தூக்கிக்கொண்டு போகலாம். மேலே ஒரு மின்குமிழ், ஒரு டின் பவுடர், நாலு பேர் உட்கார ஒரு வாங்கு. வாசிகசாலை, சலூன், இளைஞர் கழகம், கடைத்தெரு என்று எங்கே இடமிருந்ததோ அங்கே பலகை விரிந்தது. தோட்டத்தில் ஒரு மரண வீடு என்றால் விடிய விடியக் கண் விழித்திருக்கப் பலகை வரும். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கிவிடுவதால் எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. ஆனால் நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகு ஸஹர் வரை எந்தத் தெருவில் பலகைச் சத்தம் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்.

துரைமாரின் கிளப்புக்கு வெளியே நின்றவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பலகையில் அதே குறியை வேறு உருவத்தில் கற்றார்கள். உறுப்புரிமை கேட்காத மேசை இது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சாதி, மதம் பார்த்து யாரும் ஜோடி சேர்ந்ததில்லை. நன்றாக வெட்டுகிறவனைத்தான் ஜோடியாகக் கேட்டார்கள்.

சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் தொடங்கியது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சம்பியன். 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை நம் நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ எடுத்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, பதினேழு வயதில், மூன்று தங்கம் வென்றார். பெண் பிள்ளைக்குக் கரம் எதற்கு என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

*7. பலகையில் அந்த முறைகள் என்ன ஆகின்றன?*

இனி பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பூலில் இரண்டு பந்தும் ஒரே அளவு. கரமில் அப்படி இல்லை. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். காய் 3.18 வரை. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை, காய் ஐந்து கிராமுக்குச் சற்று மேல். பெரியது சிறியதை அடிக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் கணக்கை மாற்றிவிடுகிறது.

தரம் 11 பிள்ளைகள் பேனாவை எடுங்கள். ஸ்ட்ரைக்கரின் ஆரை 2.065. காயின் ஆரை 1.59. இரண்டும் தொடும்போது மையத்துக்கு மையம் 3.655 சென்ரிமீற்றர்.

பின்ன முறை: ஸ்ட்ரைக்கரின் மையத்தைக் காயின் விளிம்புக்கு நேரே அனுப்பினால், சைன் பெறுமானம் 1.59ஐ 3.655ஆல் வகுத்தது. கோணம் ஏறக்குறைய 26 பாகை. இன்னொரு விதமான 'பாதி'யும் உண்டு. ஸ்ட்ரைக்கரின் விளிம்பைக் காயின் மையத்துக்கு நேரே அனுப்புவது. அதற்கு 2.065ஐ 3.655ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 34 பாகை. பூலில் இந்த இரண்டு பாதியும் ஒன்றுதான், 30 பாகை. கரமில் இரண்டு பாதி, இரண்டு கோணம், முப்பது பாகையில் எதுவும் இல்லை. நாலு பாகை பிழை என்றால் சின்ன விசயமா? 30 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 2 சென்ரிமீற்றர் விலகல். குழியின் விட்டமே 4.45தான். காய் விழாமல் பக்கத்தில் முட்டுவதற்கு இதுதான் காரணம்.

இரட்டிப்பு முறை: கரமில் இரண்டு மடங்கு போதாது. 3.655ஐ 1.59ஆல் வகுத்தால் 2.3. இரண்டு மடங்கும் அதற்கு மேல் இன்னும் கொஞ்சமும் தள்ளிக் குறி வைக்க வேண்டும். காணொளியை நம்பி இரண்டு மடங்கில் நின்றால் காய் தடித்துப் படும்.

மாயப் பந்து முறை: இது பலகைக்கும் வரும், ஒரு நிபந்தனையோடு. கற்பனையில் காய்க்குப் பின்னால் இன்னொரு காயை வைக்கக் கூடாது, ஸ்ட்ரைக்கரை வைக்க வேண்டும். பழகும்போது உண்மையிலேயே ஒரு ஸ்ட்ரைக்கரைக் காயோடு ஒட்டி வைத்து, அதன் மையம் விழும் இடத்தைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். கண் பிடித்துக்கொள்ளும்.

சமாந்தரக் கோட்டு முறை: இதற்கு அளவு பற்றிய கவலையே இல்லை. தொடப் போகும் இரண்டு புள்ளிகளை மட்டும் பார்ப்பதால் பெரியது, சிறியது என்ற வித்தியாசம் கணக்குக்குள் வராது. மேசையிலிருந்து பலகைக்கு ஒரு எழுத்தும் மாறாமல் வரும் முறை இது ஒன்றுதான். மேலேயிருந்து பலகையைப் பார்த்து அடிக்கிறோம் என்பதால் மேசையைவிட இங்கே இது இலகுவாகவும் இருக்கிறது. கோலுக்குப் பின்னால் குனிந்து நிற்பவருக்குத் தொடுபுள்ளி மறைந்திருக்கும், நமக்கு அது கண்முன்னே.

இன்னும் இரண்டு விசயம். எல்லா முறைக்கும் பொதுவான ஒரு திருட்டு உண்டு. இரண்டும் உரசும்போது காயை ஸ்ட்ரைக்கர் தன் திசைக்கு ஒரு சொட்டு இழுத்துக்கொண்டு போகும். மேசையிலும் அப்படியே. அதனால் கணக்கு சொல்வதைவிட ஒரு மயிரிழை மெல்லிசாக வெட்ட வேண்டும். இரண்டாவது, கரமில் நமக்கு ஒரு சலுகை உண்டு. பூலில் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். நாமோ ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டில் வைக்கும் இடத்தைத் தெரிவு செய்கிறோம். கஷ்டமான வெட்டை இலகுவான வெட்டாக மாற்றும் வாய்ப்பு கையில் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் அடிப்பதற்கு முன் அதிக நேரம் எடுப்பது இதற்காகத்தான்.

*8. அப்படியானால் எது சிறந்தது?*

ஒவ்வொரு முறையும் ஒரு மேசையின் பிள்ளை. மூன்று பந்து பில்லியட்டுக்குப் பின்னம் போதுமாக இருந்தது. ஸ்னூக்கருக்கும் பூலுக்கும் மாயப் பந்து கைகொடுத்தது. கரம் பழகும் பிள்ளைக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் ஸ்ட்ரைக்கரை ஒட்டி வைத்து மாயப் பந்து. கண் பழகியதும் சமாந்தரக் கோடு. பின்னம் வேண்டுமானால் நம் கணக்கில், 26, 34 என்று. போட்டியில் உட்கார்ந்த பிறகு எந்தக் கணக்கும் வேண்டாம், கை தானாகப் போக வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்னூக்கரில் 1927 முதல் 1946 வரை உலகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜோ டேவிஸ், கோலை இடது கண்ணுக்கு நேரே பிடித்தார். அவருடைய வலது கண் பார்வை குறைவு. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கண் மற்றதைவிட முந்திக்கொள்ளும். இரண்டு கையையும் சேர்த்து ஒரு சின்ன ஓட்டை செய்து, அதனூடாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். பிள்ளைகளுக்கு இதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

*9. கடைசியாக*

"கரம் விளையாடுகிறவன் உருப்பட மாட்டான்" என்று சொல்லும் பெற்றோர் நம் ஊரில் இன்றும் உண்டு. அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. சில இடங்களில் பலகையைச் சுற்றிப் பந்தயம் நடக்கிறது, சம்பளக் காசு போகிறது. அது சூது. சூது எங்கே நடந்தாலும் சூதுதான், ஹராம்தான், கிரிக்கெட்டில் நடந்தாலும். அதற்காகப் பலகையைத் தூக்கி எறிந்தால் போவது பந்தயக்காரனின் காசல்ல. நம் பிள்ளையின் திறமை.

சாதாரண தரக் கணித வினாத்தாளில் சைன் கணக்கைக் கண்டு எழுந்து ஓடும் பிள்ளை, மாலையில் பலகையில் அதே சைனைக் கண்ணால் செய்கிறான். அவனுக்குத் தெரியாது தான் செய்வது அதுதான் என்று. யாரும் சொல்லவில்லை. மார்க்கருக்கும் யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லித் தரும் மனிதரும் இல்லை, எழுதி வைத்த தாளும் இல்லை. அவர் கண்ணால் சேர்த்த அறிவு அவரோடு போய்விட்டது. இன்றைய பிள்ளைக்கு அப்படி நடக்கக் கூடாது. கணித ஆசிரியர்கள் ஒரு பாடவேளை, ஒரே ஒரு பாடவேளை, ஒரு கரம் பலகையை வகுப்புக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். தொடும் வட்டங்களும் முக்கோணக் கணிதமும் எப்படி ஏறுகின்றன என்று தெரியும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, அப்பா, தாத்தா யாராவது தோட்டத்துக் கிளப்பில் மார்க்கராக அல்லது வேறு வேலையில் இருந்தார்களா? பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலைப் பக்கம் பழைய பில்லியட் மேசை எங்காவது இருந்ததாக ஞாபகம் உண்டா? அவர்கள் சொன்ன குறி வித்தை எதுவும் நினைவில் இருக்கிறதா? கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுதி வைக்கிறேன். அந்த அறைகளின் சுவரில் தொங்கிய படங்களில் துரைமாரின் முகம் இருந்தது. புள்ளி எண்ணியவரின் பெயரையாவது நாம் எழுதி வைப்போம்.